பதினோரு பேருக்குப் போகாத ரிப்போர்ட்

அன்புள்ள மகளுக்கு என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். இன்று அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நேற்று ஏர்போர்ட் வாசலில் என் தோளில் கை போட்டு, "ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க? சிரிச்சுக்கிட்டே அனுப்பும்மா" என்றாய். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள், நான் சிரித்துத் தொலைத்தேன். கார் மந்தைவெளி வந்து சேரும்வரை அப்பா, "மூணு வருஷம்தானே, ஓடியே போயிடும்" என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். மகளைப் பிரிந்த வருத்தம் என்று நினைத்துவிட்டார் பாவம். எனக்கு இருந்தது கோபம். உன் மேல் பாதி, என் மேல் பாதி. இரண்டையும் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் பெயரையோ நீ படித்த ஆஸ்பத்திரியின் பெயரையோ இதில் எங்கும் எழுதவில்லை. மல்லிகாவின் பெயரும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. "மல்லிகான்னு எழுதுக்கா, வாசனையா கீது" என்று அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்றைக்கு டிபன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாய், நினைவிருக்கிறதா? ஹெபடைடிஸ் சி வைரஸ் வருஷக்கணக்காகக் கல்லீரலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் சர்க்கரைப் பரிசோதனை மட்டும் எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், உள்ளே நடப்பது வெளியே வராது. வெறும் வயிற்றில் சர்க்கரையையும் இன்சுலினையும் அளந்து கணக்குப் போட்டால் அந்தக் கோளாறு எவ்வளவு என்று ஒரு எண் கிடைக்கும். ஆனால் இவர்கள் விஷயத்தில் அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் உன் கேள்வி. கெட்டுப்போன கல்லீரல் இன்சுலினைக் கழிக்காமல் விட்டுவிடும், அதனாலும் ரத்தத்தில் அது கூடுதலாகத் தெரியலாமே என்றாய். உண்மையைக் கண்டுபிடிக்க நீளமான சோதனை ஒன்று இருக்கிறது, மணிக்கணக்கில் படுக்கவைத்து எடுப்பது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன் என்றாய். உன் கண் அப்படி மின்னியது. முப்பது வருஷம் லேபில் ரத்தம் எடுத்து, அந்தக் குழாய்களுக்கு நடுவில் நின்றவள் நான். என் மகள் இப்படி ஒரு கேள்வி கேட்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் நீ கேட்டாய்: "வைரஸுக்கு மாத்திரை ஆரம்பிக்காத ஆளுங்க வேணும்மா. சுகர் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரில கிடைக்கவே மாட்டேங்குது. உன் லேப்ல பாசிட்டிவ் வந்தவங்க இருப்பாங்கல்ல?"

இருந்தார்கள். மறுநாளே ரிஜிஸ்டரைப் பிரித்து விலாசங்களை எழுதிக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, லேப் முதலாளியிடமும் சொல்லவில்லை. அடுத்தவர் நோயை அவர்களுக்குத் தெரியாமல் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இது என்னுடைய முதல் தப்பு, உன் பேரில் இதை எழுத முடியாது. வீடு வீடாகப் போனேன். அடையாற்றின் கரையில் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்களே, அந்தப் பக்கம்தான் பாதிப் பேர் இருந்தார்கள். போன இடமெல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னேன், "என் பொண்ணு டாக்டர், அவ பாத்துப்பா." பதினோரு பேர் ஒப்புக்கொண்டார்கள். உன்னை அவர்கள் பார்த்ததே இல்லை. என்னை நம்பி வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி மல்லிகா. காந்தி நகரில் ஒரு அடுக்குமாடியில் ஆறு வீடுகளுக்குப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள், வைரஸ் அப்படி வந்திருக்கலாம் என்று அவளாகவே யூகித்து வைத்திருந்தாள். சோதனையன்று காலையில் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல் வந்தாள். நானும் அன்று லேபுக்கு லீவு போட்டுவிட்டு உனக்கு உதவியாக வந்திருந்தேன். அவள் கையில் ஊசி ஏற்றியது நான்தான். ரத்த அணுக்கள் உடைந்தால் இன்சுலின் அளவு பொய்யாகக் குறைந்துவிடும் என்று நீ பயந்தாய், அதனால் "அம்மா எடுத்தா உடையாது" என்று என்னைக் கூப்பிட்டாய். எடுத்த ஒவ்வொரு குழாயையும் ஐஸில் வைத்து, ஓடிப்போய் மெஷினில் சுற்றினேன். ஒன்றுகூட வீணாகவில்லை.

ஒரு கையில் இன்சுலினும் சர்க்கரையும் சொட்டுச்சொட்டாக இறங்கின. இன்னொரு கையைச் சூடான துண்டில் சுற்றிவைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்க எவ்வளவு சர்க்கரை ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்கிற உடம்பு சர்க்கரையை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். மல்லிகா கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில சக்கரைய ஏத்துறீங்கோ, அந்தக் கையில சாற உறிஞ்சுறீங்கோ. நான் இன்னா கரும்பு மெஷினா?" என்றாள். நீ, உன் ஜூனியர், நான், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் உடம்பு சர்க்கரையை வாங்கிக்கொள்ளவே இல்லை. சர்க்கரை ஏற்றும் பம்பின் எண்ணை நீ குறைத்துக்கொண்டே வந்தாய். ஒரு கட்டத்தில் ஜூனியரைக் கூப்பிட்டு, இங்கிலீஷில், "பார்த்தியா, இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் மோசம், வெறும் சுகர் டெஸ்ட்ல இவங்க நார்மல்" என்று சொன்னாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட சந்தோஷம். மல்லிகாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, முகம் பார்க்கத் தெரியும். "இன்னா பாப்பா சொல்ற? எனக்கு இன்னா கீது?" என்று கேட்டாள். நீ அவள் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லக்கா, நல்லாருக்கு. நான் போன் பண்றேன்" என்றாய்.

எனக்கு இங்கிலீஷும் தெரியும், பம்பில் ஓடிய எண்ணின் அர்த்தமும் தெரியும். வாயை மூடிக்கொண்டு துண்டை மாற்றினேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ நாலாவது படிக்கும்போது ஸ்கூல் விட்டதும் நேரே லேபுக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒருநாள் நிறைமாதக்காரி ஒருத்தி ரிப்போர்ட் வாங்க வந்தாள். கவரை என் கையிலிருந்து வாங்காமலே, "என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டாள். "டாக்டர் சொல்வாரும்மா" என்று அனுப்பிவைத்தேன். அவள் போனதும் நீ, "உனக்குத் தெரியும்தானேம்மா?" என்று கேட்டாய். "தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது கண்ணு, அது நம்ம வேலை இல்ல" என்றேன். நீ தலையாட்டிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாய். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது லேபில் எங்கள் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எத்தனை வசதி என்று உனக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ஆனால் நீ டாக்டர் ஆனாய். சொல்ல வேண்டிய ஆள் நீதான். நீயும் சொல்லாவிட்டால் அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

பதினோரு பேரிடமும் நீ இன்னொன்றும் சொன்னாய். வைரஸை ஒழிக்கிற மாத்திரையை இப்போதே ஆரம்பித்தால் அளவு மாறிவிடும், ஒரு மாசம் கழித்து இரண்டாவது சோதனை, அது முடிந்ததும் மாத்திரைக்கு நானே எழுதித் தருகிறேன், போன் வரும்வரை பொறுத்திருங்கள் என்றாய். ஒரு மாசம் தள்ளிப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் உன் புரொபசர் ஒரு சோதனையே போதும் என்று சொல்லிவிட்டார். உனக்கு இரண்டாவது சோதனை தேவைப்படவில்லை. பதினோரு பேரும் உனக்கு அதோடு முடிந்துபோனார்கள். அவர்கள் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தார்கள்.

மல்லிகா எனக்குப் போன் செய்தாள். முதல் தடவை நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். "வரும் மல்லிகா, பாப்பாவுக்குப் பரீட்சை" என்றேன். இரண்டாவது தடவை உனக்கு ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வருகிற நேரம். "வரும், வரும்" என்றேன். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உன் முகம் சுருங்குமே, நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் வீட்டில் சண்டை வருமே என்று நினைத்தேன். உன் மனசு கோணாமல் பார்த்துக்கொள்ள அவள் கல்லீரலை அடகு வைத்தேன். இதைவிட நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் ரிசப்ஷனுக்கு நான்தான் அவளைக் கூப்பிட்டேன். நேரில் பார்த்தால் நீ ஞாபகம் வந்து பேசிவிடுவாய் என்று ஒரு கோழைக் கணக்கு. தி.நகர் மண்டபத்தில் மேடைக்கு ஏற நீண்ட வரிசை. ஊதா நிறப் பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கையில் எவர்சில்வர் குடத்தோடு அவள் நின்றாள். அவள் முறை வந்தபோது நான் மேடை ஓரத்தில் இருந்தேன். குடத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, "பாப்பா, அந்த மாத்திர..." என்றாள். நீ சிரித்தபடியே, "தேங்க்ஸ்க்கா, அப்புறம் பேசலாம், கேமராவைப் பாருங்க" என்றாய். அவளும் பார்த்தாள். இறங்கி வந்தவளிடம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். "பாப்பாவுக்கு என்ன யாருன்னே தெர்லக்கா" என்றாள். சாப்பிடாமல் போய்விட்டாள். ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. மாப்பிள்ளை ஒருநாள், "இது யாரு ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டார். நம் லேபில் வேலை செய்தவள் என்று பொய் சொன்னேன்.

போன மாசம் காந்தி நகரில் ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனபோது அங்கே பெருக்கிக்கொண்டிருந்தது வேறொரு பெண். மல்லிகா எங்கே என்று கேட்டேன். "காலு போயிடுச்சும்மா அதுக்கு, வேலைய விட்டு நின்னுட்டுது" என்றாள். அன்று மதியமே பெரும்பாக்கம் போனேன். ஆறாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. மல்லிகா கட்டுப்போட்ட காலைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நகம் வெட்டும்போது பட்ட காயம் ஆறவே இல்லையாம். புரையோடி, அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் சர்க்கரை எக்கச்சக்கமாக இருப்பது தெரிந்திருக்கிறது. கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். எல்லாம் அந்த வைரஸால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அவள் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்ததாம். ஆனால் உனக்கு அன்றைக்கே தெரியும். "உனக்கு இப்படி இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒருதரம் சுகர் பாரு, மாத்திரையை உடனே ஆரம்பி, காலைப் பத்திரமா பாத்துக்க" என்று ஒரே ஒரு போன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஜூனியரிடம் சொன்ன வார்த்தையைத் தமிழில் அப்படியே சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் அழவில்லை. இப்படித்தான் கேட்டாள்: "அப்பவே உனுக்கும் தெரியும். அதான? கைய புட்சிகினு சிரிச்சிகினு நின்ன." ஆமாம் என்றேன். "ரெண்டு வருசமா இந்த போன சார்ஜ் போட்டுப் போட்டு வெச்சிகினு கீறேன்க்கா. எங்க ஊட்டுக்காரு நம்பர மாத்தலாம்னாரு. டாக்டர் பாப்பா கூப்டும்னு மாத்தாம வெச்சினுகீறேன்." பிறகு, "என்ன பத்தி எழுதி வெச்ச பேப்பரு ஒண்ணு கீதில்ல? அத்த எனக்குக் குடு. இப்ப பாக்கற டாக்டருகிட்ட காட்டணும்" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் வேணாம். பேப்பர் கொண்டா" என்றாள்.

அன்று சாயங்காலமே உன்னிடம் கேட்டேன். வெளிநாடு போகப் பெட்டி அடுக்க ஆரம்பித்திருந்தாய். நீ சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. "அம்மா, அது ஸ்டடி. ட்ரீட்மென்ட் இல்ல." கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள் என்றாய். "யார் பேரும் அதுல இல்லம்மா, வெறும் நம்பர்தான்." அந்த நம்பர்களுக்கான பெயர்ப் பட்டியல் எங்கே என்றதற்கு, பழைய லேப்டாப்பில் எங்கோ இருக்கும், அங்கே போய் செட்டில் ஆனதும் பார்க்கிறேன் என்றாய். பிறகு, "என்னை டென்ஷன் பண்ணாதம்மா, கிளம்புற நேரத்துல" என்றாய். அப்பாவும் உள்ளே வந்து, "விடேன், குழந்தை போகும்போது" என்றார். விட்டேன். எத்தனையாவது தடவையோ, அன்றும் விட்டேன். முப்பது வயதுக் குழந்தை! உன் கட்டுரை வெளிவந்த அன்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தவள் நான். அதிலுள்ள வரைபடத்தில் ஒன்பதாம் நம்பர் என்று ஒரு புள்ளி மற்ற புள்ளிகளைவிட்டுத் தனியாக நிற்கிறது. அந்தப் புள்ளியால்தான் உன் கட்டுரைக்கே மதிப்பு என்று நீயே சொன்னாய். அந்தப் புள்ளிக்கு இப்போது வலது காலில் மூன்று விரல்கள்.

உன்னைக் கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, நீ எடுத்த அளவு சுத்தமான அளவு, நானே சாட்சி. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். சோம்பேறி ஒருத்தி இதைச் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒரு துளி ரத்தம் வீணாகக் கூடாது என்று பதறியவள், அந்த ரத்தம் யாருடையது என்பதை எப்படி மறந்தாய்? ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் சர்க்கரையைப் பார்த்தாயே, இரண்டு வருஷத்தில் ஒருதரம் அவளைப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையா?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மல்லிகாவை அரசு ஆஸ்பத்திரியில் கல்லீரல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், மூன்று மாசம் சாப்பிட வேண்டும். காலில் புண் ஆறிக்கொண்டு வருகிறது, வேலைக்குப் போவது இனிமேல் கஷ்டம்தான். மற்றவர்களில் நாலு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் தாங்களாகவே எங்கேயோ போய் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகியிருக்கிறார்கள், கேட்டபோது என் மனசில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. இன்னும் இரண்டு பேர் மல்லிகா மாதிரியே போனுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒருவர் என்னை வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை உன் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆராய்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியில் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தேன். லேப் ரிஜிஸ்டரிலிருந்து விலாசம் எடுத்தது நான் என்பது முதல் வரி. பதினோரு பேருக்கும் அவரவர் அளவைச் சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் யாரும் கூப்பிடவில்லை என்பது அடுத்த வரி. அந்த வரியில் உன் பெயரை எழுதினேன். கீழே என் கையெழுத்தையும் போட்டேன். உன் வேலைக்கு இதனால் ஏதாவது வரலாம். வந்தால், அதற்குக் காரணம் நான் என்று நீ ஆயுசுக்கும் சொல்லிக்கொள். வேறு யாரோ ஒருவர் மூலமாக இது உன் காதுக்கு வரக் கூடாது என்றுதான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் நான் கேட்பது அந்தப் பட்டியல். பதினோரு பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே அவரவர் எண். லேப்டாப்பைத் தேடு, கிடைத்ததும் அனுப்பு. என்ன அர்த்தம் என்பதைத் தமிழில் எழுதி அனுப்பு, உனக்கு அது நன்றாக வரும். டாக்டர் சொல்வார் என்று இனிமேல் நான் யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை.

நாளைக் காலை ஆதம்பாக்கம் போகிறேன். அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார், உன் பட்டியலில் எத்தனையாவது நம்பர் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் யார் அனுப்பினார்கள் என்றுதான் முதலில் கேட்பார். டாக்டர் அனுப்பினார் என்று நான் சொல்லலாமா? நான் புறப்படுவதற்குள் நீயே சொல்.

அம்மா